பலாமரத்தைக் கூட்டியவர்

வாசல் கூட்டுகிறவரைப் பார்த்திருப்பீர்கள், ரோடு கூட்டுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். மரத்தைக் கூட்டுகிற ஆளை எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா?

நான் பார்த்திருக்கிறேன். துறட்டிக் குச்சியின் நுனியில் சீமாற்றை இறுக்கிக் கட்டி, தன் வாசலில் நிற்கிற பலாமரத்தைக் கிளை கிளையாகத் தட்டுவார். பழுத்த இலை, பழுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிற இலை, சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த இலை என்று எல்லாம் விழும். பிறகு அதையெல்லாம் கூட்டி அள்ளுவார்.

"ஏன் பாய் இப்படி?" என்றால், "நாளைக்கு உழுவப் போறதுதான சாமி? இன்னைக்கே உழுந்துட்டா நாளைக்கு வேலை மிச்சம்" என்பார்.

மறுநாளும் அதே மரம், அதே துறட்டி. மிச்சமான வேலை எங்கே போனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பாய்க்கு ஒரு பெயர் இருந்தது. ரேஷன் கார்டில் இருந்திருக்கும். ஆனால் எங்கள் மலையில், சோளக்காட்டுச் சந்தையில் வெறும் பாய் என்றால் அவர் ஒருவர்தான். மற்ற பாய்களுக்கெல்லாம் முன்னால் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும், டயர் பாய், பிரியாணி பாய் என்று. இவருக்கு ஒட்டத் தேவைப்படவில்லை. அடிவாரத்து ஊர்க்காரர், மிளகு வியாபாரி. தை பிறந்து மிளகு பறிப்பு தொடங்கினால், மலையில் பாதிக் காட்டு மிளகு அவர் தராசில்தான் ஏறும்.

அவர் சரக்கு பார்க்கிற அழகு தனி. சாக்கைத் திறப்பார். முழங்கை வரைக்கும் கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளுவார். ஒரே ஊது. தூசி பறந்ததும் அந்தப் பிடிக்குள்ளிருந்து ஒரு சருகைப் பொறுக்கி எடுத்து இன்னொரு உள்ளங்கையில் வைத்து, விற்க வந்தவர் முகத்துக்கு முன்னால் நீட்டுவார். வாயே திறக்க மாட்டார். அந்த அமைதியைத்தான் மனுஷனால் தாங்க முடியாது. கொஞ்ச நேரத்தில் விற்க வந்தவரே, "சரிங்க பாய், கழிவு புடிச்சுக்குங்க" என்று சரணடைந்துவிடுவார்.

எங்கள் அப்பா அப்படிப் பலமுறை சரணடைந்தவர். சந்தையில் பணிந்து நின்றுவிட்டு வீட்டுக்கு வந்து எங்கள் மேல் பாய்வார். அதனால் நான் சின்ன வயதில் பூச்சாண்டிக்குப் பயந்ததே இல்லை. களத்தில் காய்கிற மிளகில் காய்ந்த இலை ஒன்று கண்ணில் பட்டால்தான் பயம். "பாயி கையில இது கெடைக்கட்டும், அப்பறம் இருக்குது" என்பார் அப்பா. நானும் அம்மாவும் பொழுது சாயும்வரை குனிந்து பொறுக்குவோம். முதுகு விட்டுப்போகும்.

ஒன்று சொல்லியாக வேண்டும். கழிவு என்று எடையில் கொஞ்சம் குறைப்பாரே தவிர ஏமாற்ற மாட்டார். தராசு நேராக நிற்கும், காசு கையோடு வரும். அதனால்தான் திட்டிக்கொண்டே எல்லாரும் அவரிடமே போனார்கள்.

இத்தனை வருஷம் ஊதிய தூசி எங்கே போகும்? நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மிளகுக் குடோன் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட, கடையை மகன் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார். பாய் மலையேறிவிட்டார். எங்கள் காட்டுக்குக் கீழே ரோட்டோரம் அவருக்கு மிளகு அடுக்குகிற பழைய வீடு ஒன்று இருந்தது. அதைக் கழுவி, வெள்ளையடித்து, மறுபடியும் கழுவி, இரண்டு ரூமை ஹோம்ஸ்டே ஆக்கினார். அவர் வீட்டம்மாவும் கூட வந்துவிட்டார். நாங்கள் பாயம்மா என்போம். அப்போது நான் காலேஜ் இரண்டாம் வருஷம். ஹாஸ்டலிலிருந்து சனி ஞாயிறு வருவேன். ஹோம்ஸ்டேக்கு இன்ஸ்டா பேஜ், மேப்பில் புள்ளி வைப்பது எல்லாம் என் டிபார்ட்மென்ட். சம்பளம், பாயம்மா போடுகிற இஞ்சி டீ.

சிக்கல் போர்டில் ஆரம்பித்தது. அடிவாரத்தில் ஒரு பெயின்டர் வீட்டுப் பெயரை எழுதி முடித்தபோது கீழே ஒரு வரிக்கு இடம் மிஞ்சிவிட்டது. "என்னங்க போடறது?" என்று கேட்டிருக்கிறார். இடம் வீணாவது பாய்க்குப் பிடிக்காது. "மலைதான, குருவி கிருவி பாடும்னு போடுப்பா" என்றிருக்கிறார். பெயின்டர் ரசிகர் போல. "விடியலில் பறவைகள் பாடும் வீடு" என்று வளைத்து வளைத்து எழுதி, பக்கத்தில் ஒரு பச்சைக்கிளியும் வரைந்து கொடுத்துவிட்டார்.

முதலில் தங்க வந்த ஜோடி விடியற்காலையில் போர்வையோடு வாசலில் வந்து உட்கார்ந்தது. ஒரு சத்தமும் இல்லை. தூரத்தில் ஒரு லாரி கியர் மாற்றியது.

"எங்க சார், பறவை எதுவும் பாடலையே?"

"இன்னைக்கு ஞாயித்துக் கெழமைங்க. லீவு" என்றிருக்கிறார் பாய்.

அவர்கள் சிரித்துவிட்டுத்தான் போனார்கள். ஆனால் போய் ரிவ்யூ எழுதிவிட்டார்கள். நான்தான் படித்துக் காட்டினேன். "ரூம் சுத்தம். பாத்ரூம் சுத்தம். வாசல் பயங்கர சுத்தம். போர்டில் இருக்கிற பறவை மட்டும் இல்லை."

இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். அவர் தன் உள்ளங்கையை விரித்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என் சரக்குல சருகு கெடக்குதுன்னு எழுதிப்புட்டாங்க சாமி."

"இதுக்கா பாய் ஃபீல் பண்றீங்க? அந்த வரி மேல கொஞ்சம் பெயின்ட் அடிச்சுட்டா முடிஞ்சது."

"போட்ட போர்டுக்கு சரக்குக் காட்டணும். சரக்குக்குத் தக்கன போர்ட மாத்தறவன் யாவாரி இல்ல."

வீம்புக்காரர். ஆனால் விஷயம் வீம்போடு நிற்கவில்லை. கீழேயிருந்து மகன் போன் பண்ணினார். "அத்தா, பங்குனி வரைக்கும் பாருங்க. ஆள் வரலைன்னா ஊட்ட ரிசார்ட்டுக்காரங்களுக்கு லீசுக்கு உட்டுட்டு ரெண்டு பேரும் கீழ வந்துருங்க." பாசத்தில்தான் சொன்னார். பாய்க்கு அது ஜெயில் தண்டனை மாதிரி இருந்தது.

"மகன் ஊடு நல்ல ஊடுதான பாய்?" என்று கேட்டேன்.

"ஊடு நல்ல ஊடு. வாசல் இல்ல சாமி. கதவத் தெறந்தா பஸ்ஸு நிக்குது. நான் அங்க எதக் கூட்டறது?"

ஆக, பங்குனிக்குள் குருவி பாட வேண்டும். இல்லாவிட்டால் பாய் மலையிறங்க வேண்டும். கேஸ் இவ்வளவுதான்.

நான் படித்த பிள்ளை அல்லவா, போனைத் தட்டினேன். பனி விட்டு வெயில் ஏறுகிற நேரத்தில்தான் பாடுகிற பறவைகள் ஜோடி தேடிப் பாட ஆரம்பிக்கும். அதற்கு முன்பே தோட்டத்தைத் தயார்படுத்த வேண்டும் என்று போட்டிருந்தது. குளிக்கத் தண்ணீர் வையுங்கள். பழ மரம் இருக்கட்டும். மருந்து அடிக்காதீர்கள். பட்ட மரத்தில் பொந்து இருந்தால் வெட்டாதீர்கள். எல்லாவற்றுக்கும் பாய் தலையாட்டிக்கொண்டே வந்தார். கடைசியாக, "கீழே விழுந்த இலைகளைக் கூட்டாமல் விடுங்கள்" என்று படித்தேன்.

தலை நின்றது.

"அத உட்ரு சாமி. அது அச்சுப் பிழையா இருக்கும்."

மற்றதையெல்லாம் செய்தார். செய்கிற விதம்தான் வியாபாரி விதம். முதலில் சாம்பிள். சாமை ஒரு தட்டு, தினை ஒரு தட்டு, வாழைப்பழம் வட்ட வட்டமாக நறுக்கி ஒரு தட்டு, பப்பாளி ஒரு தட்டு. சந்தைக்கடை மாதிரி வரிசையாக வைத்து, தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். முதலில் வந்தவை எங்கள் வீட்டுக் கோழிகள். பிறகு காக்கா. பிறகு அணில். பிறகு குரங்குகள் குடும்பத்தோடு வந்தன. சாப்பிட்டதோடு போயிருந்தால் பரவாயில்லை, ஒரு குரங்கு எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்துத் தொப்பி மாதிரி வைத்துக்கொண்டு கூரையில் போய் உட்கார்ந்துவிட்டது.

பாய் கீழே நின்று அதனிடம் நியாயம் பேசினார். "தம்பி, பாடத் தெரிஞ்சவங்களுக்கு மட்டும்தான் வெச்சது. உனக்குத் தெரியுமா? தெரியாதில்ல? தட்டக் குடு."

பாயம்மா உள்ளேயிருந்து, "இவரு எங்கிட்டப் பேசறத விட அதுகிட்ட மரியாதையாப் பேசறாரு" என்றார்.

அடுத்தது தண்ணீர். அகலமான மண்சட்டியில் ஊற்றிப் பலாமரத்தடியில் வைத்தார். நல்ல விஷயம்தான். ஆனால் காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, புளி போட்டுத் தேய்த்துக் கழுவினார். எந்தக் குருவி குளிக்க எட்டிப் பார்த்தாலும் உள்ளே பாயின் கைதான் இருக்கும்.

மாசி ஆரம்பித்துவிட்டது. ஒரு ஃபேமிலி தங்க வந்திருந்தது. எனக்குப் பாவமாக இருந்தது, ஒரு ஐடியா பண்ணினேன். காபிச் செடிக்குள் ப்ளூடூத் ஸ்பீக்கரை ஒளித்து வைத்து, என் போனிலிருந்து குருவிச் சத்தத்தை ஓடவிட்டேன். செம ஹிட். வந்தவர்கள் கண்ணை மூடி ரசித்தார்கள். அந்த அப்பா, "சொர்க்கம்ங்க" என்றார். குருவி இரண்டு தடவை சீட்டி அடித்தது, மூன்றாவது தடவை இழுத்துப் பாடியது, அதற்கப்புறம் பெண் குரலில், "அவசரப் பணத் தேவையா? உங்கள் தங்க நகைக்கு உடனடிக் கடன்" என்றது.

அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை. செடிக்குள் கையை விட்டு ஸ்பீக்கரை எடுத்து, அதிலிருந்த ஒரு இலையைத் தட்டிவிட்டு, சட்டையில் துடைத்து என் கையில் கொடுத்தார்.

"சாமி, ஒனக்கு ஒன்னு தெரியுமா? காஞ்ச பப்பாளி வெதையும் மிளகும் பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும். மிளகுல அதக் கலந்து வித்தவங்கெல்லாம் மாடி ஊடு கட்டிட்டாங்க. நான் ஒரு வெத கலந்ததில்ல." ஸ்பீக்கரைக் காட்டினார். "இது பப்பாளி வெத."

திட்டியிருந்தால்கூட நான் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். ஸ்பீக்கரைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினேன்.

அப்புறம்தான் பாய்க்கு முதுகு பிடித்தது. வேறெப்போது, மரம் கூட்டும்போதுதான். அண்ணாந்து துறட்டியை ஓங்கினவர் ஓங்கினபடியே நின்றுவிட்டார். அப்பா போய்த் துறட்டியைக் கையிலிருந்து பிரித்து, ஆளைத் தாங்கிக் கொண்டுவந்து முன்கட்டில் கட்டிலில் படுக்கவைத்தார். எழுந்திருக்கவே கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

"நீயாவது வாசலக் கூட்டு" என்று பாயம்மாவிடம் கெஞ்சினார் பாய்.

"எனக்கென்ன, கூட்டச் சொல்லி மரமா வந்து கேட்டுச்சு? நீங்க எந்திரிச்சதும் கூட்டிக்குங்க. கல்யாணமானதுல இருந்து அந்தச் சத்தம் கேட்டுத்தான் முழிக்கிறேன். நாலு நாளைக்காவது தூங்கறேன்."

மாசி மாசத்தில் பலா இலை உதிர்ப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் சில்வர் ஓக் வேறு. கொட்டியது, கொட்டிக்கொண்டே இருந்தது. பாய் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து ஒவ்வொரு இலையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தா ஒன்னு. அந்தா இன்னொன்னு" என்று முனகினார். நோயாளியைப் பார்க்க வந்தவர்களிடம், "போறப்போ அந்த எலைய மட்டும் எடுத்துட்டுப் போறீங்களா?" என்று கேட்டார். பாயம்மா கண்ணைக் காட்டுவார், யாரும் எடுக்க மாட்டார்கள்.

ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் எனக்குப் போன் வந்தது. பாய். குரலே இல்லை, காற்றுதான் வந்தது.

"சாமி, மெதுவா வா. செருப்பக் கழட்டிட்டு வா."

போனேன். பலாமரத்தடிச் சருகில் ஒரு குருவி தத்திக்கொண்டிருந்தது. முதுகு கருப்பு, வயிறு வெள்ளை, வால் மேலே தூக்கியபடி. சும்மா தத்தவில்லை. ஒரு சருகை அலகால் தூக்கும், கீழே பார்க்கும், வீசிவிடும். அடுத்ததைத் தூக்கும். ஒன்றின் அடியில் புழு இருந்தது, டக்கென்று உள்ளே போனது. சட்டியில் இறங்கி ஒரு குளியல். மூன்று நாளாகக் கழுவாத சட்டி. பிறகு நேராகப் பறந்துபோய் போர்டின் மேல், அந்தப் பச்சைக்கிளியின் தலைக்கு மேலே உட்கார்ந்தது. பாடியது.

எழுத வராது எனக்கு. ஸ்பீக்கர் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை, அவ்வளவுதான் சொல்வேன்.

பாய் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார். "பாத்தியா? சருக ஒன்னொன்னா எடுத்துப் பாக்குது. என்னை மாதிரியே."

போனில் தேடிப் பெயர் சொன்னேன். குண்டுக்கரிச்சான்.

"ரவுடி பேராட்ட இருக்குது" என்றார். பிறகு, "சருகுக்குத்தான் வந்துச்சா?" என்று கேட்டார்.

"அன்னைக்கே படிச்சேனே பாய். கூட்டாம விடுங்கன்னு."

அவர் உத்தரத்தைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

முதுகு தேறியது. இனி வாசலில் கை வைக்க மாட்டேன் என்று பாயம்மாவிடம் வாக்குக் கொடுத்தார். குருவி தினமும் வந்தது. இன்ஸ்டாவில் நான் போட்ட வீடியோவைப் பார்த்து, பறவை பாட்டுக்கென்றே ஒரு குடும்பம் அடுத்த வாரத்துக்கு ரூம் போட்டது. எல்லாம் கூடி வந்தது. அப்படிக் கூடி வந்த பிறகு ஒரு நாள் விடிகாலையில் பாய், பழக்க தோஷம், கண் முழுசாகத் திறக்காமலேயே எழுந்துபோய் மொத்த வாசலையும் கூட்டி அள்ளிச் சரிவில் கொட்டிவிட்டார். பாயம்மா டீயோடு வெளியே வந்தபோது வாசல் தேய்த்த தட்டு மாதிரி பளபளத்தது. பாய் சீமாற்றைப் பிடித்தபடி, கொலை பண்ணிவிட்டு முழித்தவர் போல நின்றுகொண்டிருந்தாராம்.

குருவி அன்றைக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

பாயம்மா வீட்டிலிருந்த சீமாறுகளையெல்லாம் கட்டி எங்கள் வீட்டில் கொண்டுவந்து போட்டார். "இத அவரு கேட்டாலும் குடுக்காதீங்க. அழுதாலும் குடுக்காதீங்க."

கொஞ்ச நேரத்தில் பாயே மேடேறி வந்தார். மூச்சு வாங்கியது. அப்பா அப்போது களத்தில் மிளகு துழாவிக்கொண்டிருந்தார். பாய் சீமாறு கேட்பார் என்று நான் தயாராக நின்றேன்.

"ஏனுங்க," என்றார் அப்பாவிடம். "கொஞ்சம் சருகு வேணுமுங்க."

அப்பா துழாவுவதை நிறுத்தினார்.

"என்னங்க வேணும்?"

"சருகுங்க."

"காதுல சரியா உழுவலைங்க பாய்."

"கேட்டுச்சுங்க உங்களுக்கு," என்றார் பாய்.

அப்பா காட்டுக்குள் போனார். காபிச் செடிகளுக்கு நடுவே சருகு முழங்கால் உயரத்துக்குக் கிடக்கும். இரண்டு சாக்கு நிறைய அமுக்கி எடுத்துவந்து பாய் முன்னால் வைத்தார். அப்புறம் ஒரு சாக்கின் வாயைத் திறந்தார். முழங்கை வரைக்கும் கையை விட்டார். அடியிலிருந்து ஒரு பிடி சருகை அள்ளி, ஒரே ஊது ஊதினார். அதிலிருந்து எதையோ பொறுக்கி எடுத்து, இன்னொரு உள்ளங்கையில் வைத்து, பாய் முகத்துக்கு முன்னால் நீட்டினார்.

ஒரு மிளகு.

ஒன்றும் பேசவில்லை. நீட்டியபடியே நின்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடிவிட்டாள்.

பாய் அந்த மிளகைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். "சரக்கு சுத்தமில்லைங்களே" என்றார்.

"ஆமாங்க பாய். சருகுல மிளகு கலந்துபோச்சு. கழிவு புடிச்சுக்குங்க."

பாய் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பாகி, களத்தின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். இத்தனை வருஷத்தில் சந்தைக்கு வெளியே அவர்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சாக்கை அப்பாவே தூக்கிக்கொண்டுபோய்க் கொட்டிக் கொடுத்தார். பாய் பரப்பினார். பரப்பினாரா, அடுக்கினார். பலா இலை ஒரு பக்கம், சில்வர் ஓக் ஒரு பக்கம், காபி இலை ஓரத்தில் பார்டர் மாதிரி. பாயம்மா வந்து பார்த்துவிட்டு, காலால் கலைத்துவிட்டுப் போனார்.

அந்தக் குடும்பம் வந்தது. புருஷன், பெண்டாட்டி, மாமியார். திருச்செங்கோட்டுப் பக்கம். சாயங்காலமே வந்துவிட்டார்கள். பாய்க்கு அன்று சோறு இறங்கவில்லை. குருவி வராமல் போய் நாளாகியிருந்தது. இவர்களும் போய் அதையே எழுதினால் மகனுக்கு என்ன பதில் சொல்வது?

விடிந்தது. நானும் அப்பாவும் வேலியோரம் நின்றுகொண்டிருந்தோம், சும்மா, ஏதோ வேலை இருப்பது மாதிரி. பனிமூட்டம் விலகவில்லை. அவர்கள் மூவரும் டீ டம்ளரோடு வாசலில். சருகில் சரசரவென்று ஒரு சத்தம். வந்துவிட்டான் ரவுடி. நாலு இலையைப் புரட்டினான், சட்டியில் முங்கினான், போர்டுக்குப் போனான், ஆரம்பித்துவிட்டான். புருஷன் போனை எடுக்கக்கூட மறந்துவிட்டார். பாய் கதவோரம் சாய்ந்து நின்று, கண்ணை மூடித் திறந்தார்.

மாமியார் மட்டும் குருவியைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க பாய்," என்றார். "வயசான காலத்துல முடியலைன்னா சொல்லலாமுங்களே. இப்படியா போட்டு வெக்கறது வாசல?" டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். பலாமரத்துக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்த துறட்டியை எல்லாரும் மறந்துபோயிருந்தோம். அதன் நுனியிலிருந்த சீமாற்றை இரண்டே இழுப்பில் அவிழ்த்துவிட்டார் அந்தம்மா. "நான் ஒரு இழுப்பு இழுத்துட்டுப் போறேன்."

பாய் செருப்பில்லாமல் ஓடிவந்தார். சருகுக்கும் சீமாற்றுக்கும் நடுவில் கையை விரித்து நின்றார்.

"வேண்டாம்மா. கூட்டாதீங்க."

"அட என்னங்க நீங்க. வெடிஞ்சும் வாசல் கூட்டாத ஊட்ல நல்லது தங்குமா?"

"தங்காதுங்க."

"சருகு கெடந்தா பூச்சி பொட்டு வராதா?"

"வருமுங்க."

"பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க?"

"கேவலமாத்தான் நெனைப்பாங்க" என்றார் பாய். அந்தம்மா சொன்ன ஒவ்வொன்றும் அவர் ஆயுசு முழுக்க மற்றவர்களுக்குச் சொன்னது. "இருந்தாலும் அது பாடி முடிக்கட்டும்மா."

அந்தம்மா கேட்பாரா? ஓரமாக ஒரு இழுப்பு இழுத்தே விட்டார். குருவி போர்டிலிருந்து எழும்பியது. அப்பா என் கையைப் பிடித்தார். குருவி பலாமரத்தின் உச்சிக்குப் போய் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தது. "சரி, உங்க ஊடு, உங்க குப்பை" என்று சீமாற்றைப் போட்டுவிட்டு ஆறிப்போன டீயைக் குடிக்கப் போனார் மாமியார்.

ரிவ்யூ இரண்டு நாளில் வந்தது. "பறவை பாட்டுக்காகவே போகலாம். போர்டில் போட்டது உண்மை. ஆனால் வாசல் ஒரே குப்பை. ஓனர் கூட்டவும் மாட்டார், கூட்டுகிறவர்களையும் விட மாட்டார்."

படித்துவிட்டு, "பதில் போடட்டுமா பாய்? குருவிக்காகத்தான்னு வெளக்கமா எழுதிடறேன்" என்றேன்.

"வேண்டாம் சாமி. இருக்கறதத்தான எழுதியிருக்காங்க. கழிவு புடிச்சுட்டாங்க, சரி." கொஞ்சம் பொறுத்து, "அந்த மொத வரிய மட்டும் இன்னொருக்காப் படி" என்றார்.

அதே ரிவ்யூவை அடிவாரத்தில் மகனும் படித்திருக்கிறார். அத்தாவோட வாசல் குப்பையா? ஆள் பயந்துபோய், பழைய எக்ஸ்ரே கவரைத் தூக்கிக்கொண்டு, அத்தனை கொண்டை ஊசி வளைவும் ஏறி பைக்கில் வந்து நின்றார். வாசல் முழுக்கச் சருகு. நடுவே நாற்காலியில் பாய் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"அத்தா, ஒடம்புக்கு என்ன பண்ணுது?"

"உஸ்ஸ். உக்காரு."

மகன் தங்கிவிட்டு மறுநாள் குருவியைக் கேட்டுவிட்டுத்தான் போனார். ரிசார்ட்டுக்காரர்களுக்கு என்ன சொன்னார் என்று தெரியாது. லீசு பேச்சு அதற்கப்புறம் எழவில்லை. பாய் மலையிலேயே இருந்தார். மாசி பங்குனியில் வாசல் குப்பையாகக் கிடக்கும். அந்தக் கை சும்மா இருக்க வேண்டுமே, எங்கள் வீட்டு வாசலை வந்து கூட்டிக்கொடுப்பார். அம்மாவுக்கு முதலில் கூச்சமாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது.

போன ஐப்பசி மழையில் இருமல் முற்றிக் கீழே கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. பாயம்மா மகன் வீட்டில் இருக்கிறார். வீட்டுச் சாவி எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது. போர்டைக் கழற்றிவிடலாமா என்று மகன் போனில் கேட்டபோது, "இருக்கட்டுங்க. போட்ட போர்டுதான" என்று மட்டும் அப்பா சொன்னார்.

இது மாசி. சற்று முன் அப்பா ஒரு சாக்குச் சருகைத் தோளில் தூக்கிக்கொண்டு பாய் வாசலில் கொட்டுவதற்குச் சரிவில் இறங்கினார். இறங்குவதற்கு முன் சாக்கைத் திறந்து, முழங்கை வரை கையை விட்டு, ஒரு மிளகைப் பொறுக்கி வெளியே வைத்தார். அந்த மிளகு இப்போது என் லேப்டாப் பக்கத்தில் கிடக்கிறது.